மணி ஒரு வழி, குரல் ஒரு வழி

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஆறையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். எனக்குத்தான் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. பஸ் போர்டைப் படிப்பேன், கட்டில் நம்பரைப் படிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இது போன்காரம்மாவைப் பற்றியது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டு, எனக்கும் தெரியும், சொல்லமாட்டேன். என்னால் அவளுக்கு வேலை போனது. என்னால்தான் போனது என்று இந்தப் பதின்மூன்று வருஷமாக யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டால் அவள் யார் என்றே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

திண்டிவனத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தேன். அதே ஆஸ்பத்திரிக்கு விழுப்புரத்தில் பெரிய கட்டடம் ஒன்று உண்டு. பெரிய டாக்டரம்மா அங்கேதான் இருப்பார். எங்களிடம் இருந்தது ஒரு சின்ன டாக்டரும் நான்கு நர்சுகளும். சிக்கலான பிரசவம் என்றால் டாக்டரம்மாவிடம் போனில் கேட்டுத்தான் செய்வார்கள். பழைய போனைக் கழற்றிவிட்டு இரண்டு ஊருக்கும் நடுவில் இன்டர்நெட் வழியாகப் பேசும் போனை வைத்தார் மேனேஜர். முதலில் வைத்தது அவருக்கு வேண்டப்பட்ட ஒருத்தர். வைத்த மூன்றாம் நாளிலிருந்து அந்தப் போன் யாருமில்லாமல் அடிக்க ஆரம்பித்தது.

பட்டப்பகலில் அடிக்கும். நர்சு ஓடிப்போய் எடுத்தால் அந்தப் பக்கம் ஆள் இருக்காது. வைத்தால் திரும்ப அடிக்கும். அந்த வாரம்தான் ஒரு குழந்தை இறந்தே பிறந்திருந்தது. வார்டில் இருந்த பெண்கள் போனைக் கண்டாலே பிள்ளையை மாரோடு அணைத்துக்கொள்வார்கள். ஒரு நர்சு எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு கோத்துப் போன் ஒயரில் கட்டிவிட்டாள். பழம் கட்டிய பிறகும் அடித்தது. அப்போதுதான் விழுப்புரத்திலிருந்து இந்தப் பெண்ணை வரவழைத்தார்கள்.

ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நாற்பது வயது இருக்கும். மணிக்கட்டில் ஆம்பிளை வாட்ச். தோளில் பை கிடையாது, கையில் காய்கறி வாங்கப் போகிற பிளாஸ்டிக் கூடை, அதற்குள் ஒயரும் ஸ்குரூ டிரைவரும், மேலே ஒரு பொட்டலம் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை. பிறந்தது கண்டாச்சிபுரம், குடியிருந்தது விழுப்புரத்தில். போனில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து, முகர்ந்து பார்த்து, என் கையில் கொடுத்தாள்.

"ஜூஸ் போடுங்க ஆயா. வெயில்ல வந்தது நாக்கு ஒட்டிக்கினு இருக்குது."

"அது பேய்க்குக் கட்டினது ம்மா."

"பேய் இல்ல ஆயா. எவனோ எந்தத் தேசத்துலயோ உக்காந்துக்கினு, தெருவுல இருக்கற ஒவ்வொரு வூட்டுக் கதவையும் தட்டிப் பாக்கறான். தொறந்து கெடந்தா உள்ள பூந்து நம்ம போன்ல இருந்து அவன் பேசுவான். இங்க எல்லாக் கதவையும் தொறந்து போட்டு வெச்சிருக்கறாங்க."

சுவரில் புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதைப் பயர்வால் என்றாள். அதற்குள் தெரியாத ஆளுக்கெல்லாம் கதவைச் சாத்தினாள். மணி நின்றது. நான் ஜூஸ் போட்டுக் கொடுத்தேன். அவள் பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடமே நீட்டினாள். பேய்க்குக் கட்டிய பழம் நன்றாகத்தான் இருந்தது.

அவளிடம் ஒரு குணம் இருந்தது. அதை வைத்துத்தான் இன்றைக்கும் அவள் எனக்கு ஞாபகம் வருகிறாள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிற பேச்சை அவள் பேச்சாகவே எடுத்துக்கொள்ளமாட்டாள். வேலை முடிந்ததும் விழுப்புரத்துக்குப் போன் போடுவாள்.

"கேக்குதாங்க?"

"கேக்குது, கேக்குது."

"இன்னா கேட்டுச்சி? நான் சொன்னத திருப்பிச் சொல்லுங்க."

"கேக்குதாங்கன்னு கேட்டீங்க."

"ம். இப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன்."

அங்கே ரிசப்ஷனில் இருந்த பெண் ஒருநாள் எரிச்சலாகி, "எனக்குப் பசிக்குது, போன வெய்யும்மா பேஜாரு பண்ணாம" என்றாள். இவள் முகம் மாறவே இல்லை. "உங்களுக்குப் பசிக்குது, நான் பேஜாரு பண்றேன். சரியா கேக்குது, ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டாள்.

போனில்தான் அப்படி என்று பார்த்தால் வெளியிலும் அதே கதைதான். ஆஸ்பத்திரி எதிரில் இருந்த டீக்கடையில், "ரெண்டு டீ, ஒண்ணுல சக்கர வேணாம். இன்னா சொன்னேன்?" என்பாள். "ஏம்மா, நான் இன்னா ஒண்ணாங்கிளாஸா?" என்று கடைக்காரர் கத்துவார். கத்தினாலும் திருப்பிச் சொல்லிவிடுவார், இல்லாவிட்டால் அவள் நகரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதோடு, எதையாவது கேட்டுவிட்டால் பதில் வரும்வரை காத்திருப்பாள். நாமெல்லாம் பதில் வரத் தாமதமானால் இன்னொரு கேள்வி கேட்டுவிடுவோம். அவள் அப்படிச் செய்யமாட்டாள். எதிராளி பேசுவதற்கு இடம் விட்டு மல்லாட்டைத் தோலை உரித்துக்கொண்டிருப்பாள். அந்த இடைவெளி சிலருக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கும் ஒருநாள் இருந்தது.

பிரசவ வார்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் என் முக்கால்வாசி வேலை. யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்பதெல்லாம் என் பொறுப்பு. மேனேஜரே வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் விட்டதில்லை. வேலை இல்லாத நேரத்தில் அவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஆயா, அந்த ஆளத் தொரத்துனீங்க. இந்தாள ஒண்ணும் கேக்காம வுட்டுட்டீங்களே?"

"இவன் உள்ள இருந்து காபி வாங்கப் போனவன். நான்தான அனுப்பிச்சேன். போனவன் திரும்பி வந்தா வுடணும். அவன் யாருன்னே தெரியல, ஒரு நோயாளி பேரக்கூடச் சொல்லல."

"ரொம்ப நேரம் கழிச்சி வந்தா?"

"மொகம் மறந்துடுவேன். திரும்ப விசாரிப்பேன்."

அவள் சிரித்தாள். "பொட்டி பண்ற வேலையும் இதேதான் ஆயா. உள்ள இருந்து போனதுக்குத் திரும்பி வர்ற பதில வுடும். ரொம்ப நேரம் சத்தமே இல்லன்னா மறந்துட்டு சாத்திடும். அதனால எங்க போனு சொம்மா இருக்கறப்பவும் அப்பப்ப 'நான் இருக்கறேன், நான் இருக்கறேன்'னு ஒரு சத்தம் குடுத்துக்கினே இருக்கும்."

இன்னொன்றும் சொன்னாள். அதுதான் பின்னால் என் வீட்டுக்கு உதவியது.

எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சுத்துப்பட்டு கிராமத்து ஆட்கள் வருவார்கள். வந்து சேர்ந்ததும் ஊரில் இருப்பவர்களிடம், "மூணாம் கட்டில்ல இருக்கறோம், சோறு எடுத்தா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டார்கள். சோற்றுத் தூக்கோடு வருகிறவர் திண்டிவனத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி ஒன்று விடாமல் ஏறி இறங்கி மூன்றாம் கட்டிலில் யாரோ படுத்திருப்பதைப் பார்த்து முழிப்பார். ஒருமுறை ஒரு பெரியவர் எலும்பு முறிவு ஆஸ்பத்திரியின் மூன்றாம் கட்டில்காரனுக்குக் கேப்பைக்களியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அதைக் கேட்டதும் போன்காரம்மா தொடையில் தட்டிக்கொண்டாள்.

"இதே தப்பத்தான் ஆயா இந்தப் போனும் பண்ணுது! மணி அடிக்கறதுக்கு ஒரு வழி. அது எங்க இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். குரலு வர்றது வேற வழி. ஒவ்வொரு தபா பேசறப்பவும், 'நான் இந்த எடத்துல நிக்கறேன், குரல இங்க கொண்டா'ன்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கும். இந்தப் போனு உள் நம்பரச் சொல்லிடுது, மூணாம் கட்டிலுன்ற மாதிரி. வெளிய இருக்கறவனுக்கு அது எங்க தெரியும்? மணி அடிக்கும், எடுப்பாங்க, குரலு மட்டும் எவன் வூட்டுக்கோ போயிடும்."

"அப்ப இன்னா பண்ணுவ?"

"எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ற வெளி நம்பர போனுக்குள்ள கையால எழுதி வெச்சிட்டேன். மாறாத நம்பரு ஒண்ணு வாங்கிக் குடுங்கன்னு மேனேஜராண்ட கேட்டேன், மாட்டேன்னுட்டாரு. இந்தப் பொட்டி அணையாம இருக்கற வரைக்கும் நம்பரு மாறாது. அணைஞ்சி எரிஞ்சா மாறினாலும் மாறிடும். அதனால..." என்று என்னைப் பெட்டியிடம் அழைத்துப் போய் அதன் பிளக்கைக் காட்டினாள். "இதப் புடுங்கவே கூடாது. இன்னா சொன்னேன்?"

"புடுங்கவே கூடாது."

"யாரு?"

"நானு."

"முழுசா சொல்லுங்க."

"நான் இதப் புடுங்கவே கூடாது."

என் வாயால் சொன்னேன். அதை மறந்துவிடாதீர்கள்.

அவளுக்கு ஏன் இந்தக் குணம் என்று நான் கேட்டதில்லை. அவளே ஒருநாள் மல்லாட்டை உரித்துக்கொண்டே, ரிப்பேர் கதை சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் புருஷன் வளைகுடா நாட்டில் வேலைக்குப் போயிருந்தான். இவள் விழுப்புரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயிருந்தே அவனோடு பேசுவாள். அந்த நாட்டில் இன்டர்நெட் வழியாகப் பேசுவதை அரசாங்கமே மறித்து வைத்திருந்ததாம். மறிப்பைத் தாண்டிச் சில நாள் பேச்சு வரும், சில நாள் வராது. ஏதோ சண்டை. ஒருநாள் அவன், "நான் திரும்பி வரட்டுமா, வேணாமா? ஒரே வார்த்த சொல்லு" என்று கேட்டான்.

"நான் 'வாங்க, வந்துடுங்க'ன்னு சொன்னேன் ஆயா. நாலு தபா சொன்னேன். அவரு பேசறது எனக்கு நல்லா கேக்குது, என் குரலு அங்க போவல. 'சரி, ஒனக்குப் பேச இஷ்டம் இல்ல'ன்னுட்டு வெச்சிட்டாரு."

"அப்பறம் போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதான?"

"போட்டேன். மணி போச்சி. எடுக்கல." ஒரு தோலை ஊதித் தள்ளினாள். "நான் பேசாம இருந்தேன்னு அவரு நெனச்சிக்கினாரு. இன்னைக்கும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருப்பாரு. அப்பறம்தான் இந்த வேலையக் கத்துக்கினேன். எங்க கதவு சாத்தியிருந்துச்சின்னு எனக்குத் தெரியணும் இல்ல?"

"டீ குடிக்கிறியா?" என்றேன். "ஒண்ணு, சக்கர இல்லாம" என்றாள். "ஒண்ணு, சக்கர இல்லாம" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போய் வாங்கி வந்தேன்.

அந்த மார்கழியில் ஒரு பெரிய புயல் அடித்தது. அதற்கு முதல்நாள்தான் என் கடைசி மகனின் பெண்டாட்டியை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தோம். விடிந்து பார்த்தால் ரோட்டில் மரமும் போஸ்டும் கிடந்தன. விழுப்புரம் போகிற வழி எங்கேயும் திறந்திருக்கவில்லை. கரண்டு இல்லை. செல்போன் எல்லாருடைய கையிலும் செத்துக் கிடந்தது. என் மகன் பஸ் ஏறினால் ஒரு மிஸ்டு கால், இறங்கினால் இரண்டு மிஸ்டு கால் கொடுக்கிறவன். அன்று அவன் எங்கே மாட்டிக்கொண்டான் என்பதுகூடத் தெரியவில்லை. இன்டர்நெட் கேபிள் மட்டும் மண்ணுக்குள் போனதால் பிழைத்திருந்தது.

ஜெனரேட்டர் ஓடியது. அதில் வேலை செய்கிற பிளக் மூன்றுதான்: பிரசவ அறைக்கு ஒன்று, மருந்து ஃபிரிட்ஜுக்கு ஒன்று, அந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஒன்று. கேஸ் தீர்ந்துவிட்டிருந்தது. என் மருமகள் குளிரில் வெடவெடவென்று நடுங்கி, "அத்த, கொஞ்சம் சுடுதண்ணி" என்றாள். வார்டில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்காகப் புடுங்கினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். என் மருமகளுக்காகத்தான் புடுங்கினேன். பெட்டியின் பிளக்கை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் கெட்டிலைச் சொருகினேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தண்ணீர் கொதித்ததும் திரும்பப் பெட்டியைச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மருமகளுக்கு வலி முற்றியது. சின்ன டாக்டர் கை வைத்துப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. பிள்ளை காலை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. அவர் படிப்பு முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், அப்படி ஒரு பிரசவத்தைத் தனியாகப் பார்த்ததில்லை. ஓடி வந்து விழுப்புரத்துக்குப் போன் போட்டார். மணி போனது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். போனில் நேரம் ஓட ஆரம்பித்தது. ஒரு சத்தமும் இல்லை.

"மேடம்? ஹலோ? மேடம்?"

வைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். எடுத்தார்கள். அதே மௌனம். மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும் போனை மேஜையில் ஓங்கி அடித்தார். "செத்துப்போச்சி ஆயா இது."

சாகவில்லை. மணி போகிறது, எடுக்கிறார்கள். குரல் வேறு வழி. போகிற குரல் ஒன்று, வருகிற குரல் ஒன்று என்று அவள் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை, சரி. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை என்று யார் சொன்னது? நான் போனை எடுத்துத் திரும்ப அடிக்கச் சொன்னேன். மணி போய், எடுத்ததும், வார்டே அதிரும்படி கத்தினேன்.

"டாக்டரம்மா! நான் திண்டிவனத்து ஆயா பேசறேன்! உங்க குரலு எங்களுக்குக் கேக்கல! எங்க குரலு உங்களுக்குக் கேக்குதுன்னா, இத வெச்சிட்டு ஒரே ஒரு மணி அடிச்சி கட் பண்ணுங்க! மிஸ்டு கால் குடுக்கற மாதிரி!"

லைன் அறுந்தது. நாங்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே மருமகள் அலறிக்கொண்டிருந்தாள்.

மணி ஒரு முறை அடித்தது. நின்றது.

நர்சு வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். "ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா ரெண்டு" என்று போனில் சொல்லிவிட்டு, நான் என் வாசலில் போய் நின்றேன். ஒரு கை எட்டினால் போன், மறுபக்கம் பிரசவ அறைக் கதவு. முப்பது வருஷமாக நான் காவல் இருந்த அதே இடம்.

"ஆயா, இப்பவே வயித்தக் கீறணுமான்னு கேளுங்க!" என்று உள்ளேயிருந்து டாக்டர் கத்தினார். போன் போட்டுக் கேட்டேன், வைத்தேன். இரண்டு மணி. "வேணாம்னுட்டாங்க!"

"கால புடிச்சி இழுக்கட்டுமா?"

கேட்டேன். இரண்டு மணி. "இழுக்காதீங்க! இன்னா சொன்னேன் டாக்டர்?"

"இழுக்கக்கூடாது!"

"தானா வர்ற வரைக்கும் கை வெக்காம இருக்கட்டுமா?" என்றார் டாக்டர்.

ஒரு மணி.

ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. டீக்கடைக்காரரைப் போல அந்தச் சின்ன டாக்டரும் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். உடம்பு தோள் வரை வந்த பிறகு, "இப்ப தலைக்கு நான் கை குடுக்கலாமா?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டுப் போனை வைத்த பிறகு மணி வரக் கொஞ்சம் தாமதமானது. அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. ஒரு மணி அடித்தது. இரண்டாவது அடித்துவிடுமோ என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை.

"குடுங்க!"

பிள்ளை அழுதது. நான் விழுப்புரத்துக்குப் போட்டு, பேசாமல், போனை அந்த அழுகைப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். லைன் அறுந்தது. பிறகு போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நிற்கவே இல்லை. யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு அது அடிப்பதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் நாலு மணிக்குப் போன்காரம்மா வந்து சேர்ந்தாள். விழுப்புரத்தில் டாக்டரம்மா சொல்லிக் கிளம்பியிருக்கிறாள். கூட்டேரிப்பட்டு வரைக்கும் மரத்துக்கு மரம் வண்டியை இறங்கித் தள்ளி, அதற்கு மேல் முடியாமல் வண்டியை ஒரு கடையில் விட்டுவிட்டு, பாதி தூரம் நடந்து, மீதி தூரம் மரம் அறுக்கிற ஆட்களின் டிராக்டரில் வந்திருந்தாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. பெட்டியைத் திறந்து பார்த்தாள். எந்த நேரத்தில் எரிந்தது, எந்த நேரத்தில் அணைந்தது என்று அது எழுதி வைத்திருக்குமாம். காலை ஏழே முக்காலுக்கு ஒரு முறை அணைந்து எழுந்திருக்கிறது. எழுந்ததும் வெளி நம்பர் மாறிவிட்டது. போனோ அவள் கையால் எழுதி வைத்திருந்த பழைய நம்பரையே சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவின் குரல் காலையிலிருந்து யார் வீட்டு வாசலிலோ போய் நின்றுகொண்டிருந்தது.

பெட்டிக்குக் கீழே மேஜையில் கெட்டில் வைத்த இடம் வட்டமாகக் காய்ந்து தெரிந்தது. நான் துடைக்க மறந்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். துப்பட்டா நுனியால் அந்த வட்டத்தை அழுத்தித் துடைத்தாள்.

நம்பரை மாற்றிவிட்டு விழுப்புரத்துக்குப் போட்டு, போனை என் கையில் கொடுத்தாள். "நீங்களே பேசுங்க ஆயா."

"ஆயா, பேரனா பேத்தியா?" என்று டாக்டரம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"பேத்தி ம்மா."

"பேத்தி! கேட்டுச்சி!"

மறுநாள் மேனேஜர் வந்தார். அதற்குள் ஊரெல்லாம் என் பேச்சுதான். ஆயா மணியை வைத்தே பிரசவம் பார்த்தாள், படிக்காதவளுக்கு என்ன மூளை என்றார்கள். மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார். முப்பது வருஷத்தில் அவரோ அவருக்கு முன்னால் இருந்தவரோ கை கொடுத்ததில்லை. பிறகு போன்காரம்மா பக்கம் திரும்பினார்.

"இது யாரு தப்பு?"

"வெளி நம்பர கையால எழுதினது நான்தாங்க. மாறினா அதுவே கண்டுபுடிச்சிக்கிற மாதிரி வெச்சிருக்கணும். என் தப்புதான்."

"பொட்டி ஏன் அணைஞ்சிது? ஜெனரேட்டர் லைன்லதான இருந்துச்சி?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. சும்மா இருந்தாள். மற்றவர்களுக்கு அது அவள் யோசிக்கிற மாதிரி இருந்திருக்கும். எனக்குத் தெரியும். எதிராளி பேசட்டும் என்று அவள் விடுகிற இடம் அது. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேதான் நின்றிருந்தேன். 'நான்தான் புடுங்கினேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மேனேஜர் கொடுத்த கை இன்னும் என் கையில் சூடாக இருந்தது. நான் பேசவில்லை.

"தெரியலீங்க" என்றாள் அவள்.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து வேறு ஆட்களை வைத்தார்கள். அவள் கூடையோடு வருவது நின்றுபோனது. டீக்கடைக்காரர்கூட இரண்டு மூன்று முறை கேட்டார். "எங்க ஆயா அந்த திருப்பிச் சொல்லம்மா?"

பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலை ஏறும்போது, படியோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அதே ஆம்பிளை வாட்ச். பேத்தி என் இடுப்பில் இருந்தாள், மூன்று வயது. "இவதான் அது" என்றேன். அவள் எழுந்து பிள்ளையிடம் பெயர் கேட்டாள். பிள்ளை மழலையில் சொன்னாள். அந்த மழலையோடு அப்படியே திருப்பிச் சொன்னாள், பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. கையில் இருந்த மல்லாட்டையை உரித்து அதன் வாயில் வைத்தாள்.

"இப்ப அங்க ரெண்டு பக்கமும் நல்லா கேக்குதா ஆயா?"

"கேக்குது ம்மா."

"அப்பறம்?"

அப்புறம் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு ஏறியது. மேளம் அடித்தார்கள், காவடி ஒன்று போனது, அது போகும்வரை காத்திருந்தாள். "ஒண்ணும் இல்ல ம்மா, நல்லாருக்கறோம்" என்றேன் நான். அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். அவள் கொடுத்திருந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்று சொல்கிறது. கண்டாச்சிபுரம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் விசாரிக்கிறேன்.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள்.

"ஆயா, அந்த சுடுதண்ணி எங்கம்மாவுக்கா?"

"ஆமா."

"இது அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன். 'நான்தான் புடுங்கினேன்'னு எழுதினியா? அத வுட்டுடலயே?"

"எழுதிட்டேன்."

"எழுதிட்டேன்னு சொன்னா ஆச்சா? மொதல்ல இருந்து படி கண்ணு. நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்லு. சத்தமா, எனக்குக் கேக்கணும்."